விசில் வராத குக்கர்

மே 3, சனி

இந்த நோட்டு கட்டுரைப் போட்டியில் கிடைத்த ஆறுதல் பரிசு. ஆறுதல் யாருக்குத் தேவையோ அவர்களுக்குத்தானே கொடுப்பார்கள். இரண்டு வருஷமாகப் பீரோவில் கிடந்ததை இன்று எடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் விசில் அடிப்பவர்கள் மூன்று பேர். பஸ் கண்டக்டரான அப்பா, அம்மாவின் ஐந்து லிட்டர் குக்கர், அப்புறம் நான். அப்பாவுக்குச் சம்பளம் உண்டு, குக்கருக்கு மரியாதை உண்டு, எனக்கு அடி மட்டும் உண்டு.

முன்பல் சந்தில் நாக்கை ஒட்டி ஊதினால் அச்சு அசல் குக்கர். முதலில் ‘புஸ்’ என்று ஒரு தயக்கம், பிறகு ஒரே சீறல். எனக்கு எட்டு வயதிருக்கும்போது என் அண்ணன் உலகண்ணன் கற்றுக்கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கு ஏழு விசில். அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டே எண்ணுவாள். நாலை குக்கர் அடிக்கும், மூன்றை நான் அடிப்பேன். அம்மா ஓடிவந்து அடுப்பை அணைப்பாள். கறி செருப்பு மாதிரி இருக்கும். அம்மா கறிக்கடை பாயைத் திட்டுவாள். நானும் அண்ணனும் மென்றுகொண்டே சிரிப்போம். எட்டு வருஷமாக அந்த பாய்தான் பழி சுமக்கிறார்.

அண்ணனுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். ஆனாலும் வீட்டில் ஒரே கட்சி. அவன் தலைவர், நான் தொண்டர் படை. என் பெயர் பேச்சித்தாய், குலசாமி பெயர். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேலி செய்தபோது “பேரே பேச்சு, உன்ன யாருட்டி பேசி ஜெயிக்க முடியும்?” என்று சொன்னவன் அவன்.

அந்தத் தலைவருக்குப் போன மாதம் கல்யாணம். கோயம்புத்தூரில் கூட வேலை பார்த்த பூங்கொடி மதினி. இப்போது அண்ணன் திருநெல்வேலிக்கு மாற்றல் வாங்கிவிட்டதால் இருவரும் பாளையங்கோட்டையில் எங்களோடு. மதினிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. கூட வேலை பார்த்தவர்கள் கல்யாணத்துக்கு ஒரு ஸ்லோ குக்கர் கொடுத்திருக்கிறார்கள். முட்டை வடிவம், உள்ளே கறுப்புப் பீங்கான் பானை, கண்ணாடி மூடி, முன்னால் ஒரு திருகு. கரண்டில் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொன்னது. ஒரு குழம்புக்கு ஆறு மணி நேரம்.

வந்த அன்றே அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். புதுத் திட்டம் ஏதோ என்று ஓடினேன்.

“பேச்சி, இனிமே அந்த விசில் விளையாட்டு வேண்டாம்ட்டி.”

“ஏண்ணே?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

அவ்வளவுதான். எட்டு வருஷக் கட்சி ஒரே வரியில் கலைந்தது. ஊமைக் குக்கர் வந்ததும் ஊருக்கே வாய்ப்பூட்டு.

மே 4, ஞாயிறு

மதினி காலை ஆறரைக்கு ஆட்டுக்கால், சின்ன வெங்காயம், மிளகு எல்லாவற்றையும் பானையில் போட்டுத் திருகைத் திருப்பினாள். “அத்தை, ரெண்டு மணிக்கு ஆயிருமுங்க. அதுவரைக்கும் நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாங்க.”

எங்கள் அம்மாவிடம் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்தபடி விசிலுக்குக் காத்திருந்தாள். எங்கள் வீட்டில் கடிகாரம் ஓடுவது விசிலில். சோற்றுக்கு மூன்று, பருப்புக்கு நாலு, கொண்டைக்கடலைக்கு எட்டு. ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று.

“ஏட்டி, ஒரு விசில்கூட வரலியே?”

“வராதும்மா. அதுக்கு இன்னும் பல்லு முளைக்கல.”

ஒன்பதரைக்கு அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்: ரிப்பேர். ஆட்டுக்கால் மொத்தத்தையும் தன் குக்கருக்கு மாற்றி அடுப்பில் ஏற்றினாள். முதல் விசில் வந்ததுமே கூடத்திலிருந்த மதினி எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அண்ணனும் பின்னாலேயே போனான்.

“ஆட்டுக்கால் கட்சி மாறிட்டுடே” என்றார் அப்பா.

மதினிக்குக் கோபம் போலிருக்கிறது. எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய்.

மே 6, செவ்வாய்

தினமும் காலை ஏழரைக்கு, அம்மா சோற்றுக்கு ஏற்றுகிற நேரத்துக்குச் சரியாக, இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார்கள். துணி காயப்போடவாம். ஒரு துண்டு, இரண்டு சட்டை. அதற்கு எட்டிப் போட ஒரு புருஷன், பிடித்துக்கொள்ள ஒரு பெண்டாட்டி, கால் மணி நேரம்.

நான் பத்து வருஷமாக என் பாவாடையை நானே காயப்போடுகிறேன்.

மே 8, வியாழன்

இன்று ஸ்லோ குக்கரில் மீன்குழம்பு. மண்டை இல்லாதவர்கள்தான் மீனை ஆறு மணி நேரம் வேகவைப்பார்கள் என்று சொன்னேன். மதினி சிரித்தாள். “குழம்பு மட்டுந்தான் அஞ்சு மணி நேரம் கண்ணு. மீனு கடைசியாத்தான் போடோணும்.”

சாப்பிட்ட அப்பா கையை நக்கினார். “எம்மா, இது நேத்து வச்ச மீன்குழம்பு மாதிரில்லா இருக்கு!” எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் இன்றைக்கு வைத்து நாளை வரை காத்திருக்கிறார்கள். இவள் நேற்றைக் குழம்பை இன்றே வைக்கிறாள்.

நடுத்துண்டு எப்போதும் எனக்கு. அண்ணன்தான் எடுத்து வைப்பான். இன்று கரண்டி என் தட்டைத் தாண்டிப் போனது. பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் போகிற பஸ்ஸைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வால் வந்தது.

பொறாமை எல்லாம் இல்லை. வயிறுதான் லேசாக எரிந்தது. குழம்பில் காரம் அதிகம்.

மே 9, வெள்ளி

‘இதன் பெயர் ஆமை. விரைவில் வேகும் என்று நம்பி ஏமாறாதீர். இப்படிக்கு, பசித்தோர் சங்கம்’ என்று எழுதி ஸ்லோ குக்கர் மீது ஒட்டினேன்.

மதினி கோபப்படவில்லை. அந்தத் தாளின் ஓரத்தில் ஓர் ஆமையையும் வரைந்து வைத்துவிட்டாள். சாயங்காலம் அம்மாகூட “ஆமைய அணைச்சாச்சா?” என்று கேட்டாள். என் கேலியை எடுத்து அவள் குழந்தைக்குப் பெயர் வைத்துக்கொண்டாள். இது திருட்டு.

மே 11, ஞாயிறு

அநியாயத்துக்கும் ஓர் அளவு உண்டு. திருநெல்வேலியில் வந்து, கிண்டாமல் அல்வா!

நேற்றே கோதுமையைப் பாலெடுத்து வைத்துவிட்டாள். கருப்பட்டிப் பாகு, நெய் எல்லாம் சேர்த்துப் பானையில் ஊற்றி, மணிக்கு ஒரு தடவை மட்டும் மூடியைத் திறந்து கிளறினாள். நடுவில் போய், ஞாயிறென்றும் பார்க்காமல், ஆபீஸ் மீட்டிங் வேறு பேசிவிட்டு வந்தாள். கை வலிக்கக் கிண்டாத அல்வா தாமிரபரணித் தண்ணீருக்கே அவமானம் என்றேன். அப்பாவும் “கோர்ட்ல கேஸ் போடலாம்” என்றார்.

சாயங்காலம் திறந்தால் கறுப்பாக, மினுமினுவென்று, கரண்டியிலிருந்து இறங்க மனமில்லாமல் தொங்கியது. அசல் அல்வா இல்லை. அல்வாவுக்குப் பெரியப்பா மகள். அண்ணன் முதல் வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடினான்.

நான் எதிர்ப்புத் தெரிவித்துச் சாப்பிடவில்லை. பிறகு ஆராய்ச்சிக்காக நாலு தடவை சாப்பிட்டேன்.

மே 12, திங்கள்

இன்றும் துணி காயப்போட்டார்கள். ஒரே ஒரு கர்சீப்.

மே 13, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!

மத்தியானம் அம்மா திடீரென்று பருப்பு வேகவைத்தாள். அண்ணன் ஆபீசில். மதினி குக்கரைப் பார்த்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, ஃபேனையும் கடைசி வரை திருகிவிட்டாள். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தாள்.

ராணியம்மாவுக்கு எங்கள் வீட்டு விசில் காதில் விழக்கூடாது. இதற்காகத்தான் என் வாய்க்கும் பூட்டு. அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அண்ணன் அடுப்பை அணைப்பது போல என்னையே அணைத்துவிட்டான்.

நாளை பார்த்துக்கொள்கிறேன்.

மே 14, புதன்

பானை உடைந்துவிட்டது.

மே 15, வியாழன்

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுதமுடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணி. பலாச்சுளையும் கருப்பட்டியும் சேர்த்துக் குழையக் குழைய ஏதோ செய்திருந்தாள். அண்ணன் வந்துவிட்டான், கூடத்தில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். மதினி பிடிதுணியால் பானையை வெளியே எடுத்துத் திரும்பினாள். நான் சமையலறை ஜன்னலுக்கு வெளியே. அடித்தேன். என் வாழ்க்கையிலேயே சுத்தமான விசில்.

அவள் திடுக்கிடுவாள், நான் சிரிப்பேன், அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிடும். அவ்வளவுதான் திட்டம். அவள் திடுக்கிடவில்லை. கை இரண்டும் தானாகத் திறந்துகொண்டன. அப்படியே முகத்தை மூடிக்கொண்டு குனிந்தாள். பானை தரையில் விழுந்து சிதறியது. கொதிக்கிற பலாப்பழம் அவள் இடது கால்மேல்.

அண்ணன் ஓடிவந்தான். அம்மா ஓடிவந்தாள். “என்னட்டி ஆச்சு?” என்று அம்மா கேட்டபோது மதினி ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், “கை வழுக்கிருச்சுங்க அத்தை.”

அண்ணன் அடுப்பைப் பார்த்தான். அடுப்பில் எதுவுமே இல்லை.

டாக்டரிடம் போய்க் களிம்பு பூசிக்கொண்டு வந்தார்கள். புறங்கால் முழுக்கக் கொப்புளம். இன்று காலை அண்ணன் என்னை வாசலுக்கு அழைத்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

“அவளுக்குப் பதினாலு வயசுல, அவங்க வீட்டுல குக்கர் மூடி பறந்துட்டு. விசில் அடங்கதுக்குள்ள யாரோ அவசரப்பட்டுத் திறந்துட்டாங்க. அவங்க அம்மா முகத்துல பாதி வெந்துபோச்சு. அதுலேருந்து விசில் கேட்டா அவ கை அவகிட்ட இருக்காது. மருமகளுக்கு அடுப்பே பயம்னு தெரிஞ்சா ஊரு என்ன பேசும்னுதான் அம்மாகிட்டகூடச் சொல்லல.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லாண்ணே.”

“உங்கிட்ட ‘வேண்டாம்’னு சொன்னேன்லா. அது பத்தாதா?”

போய்விட்டான்.

கல்யாணத்தன்றுகூட இவ்வளவு எரியவில்லை. அண்ணனிடம் எனக்குத் தெரியாத ஒரு ரகசியம் இருந்திருக்கிறது. இதுவரை அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அவள் கால் வெந்து கிடக்கும்போது எனக்கு இதுதான் தோன்றுகிறது. நான் நல்ல பெண் இல்லை போலிருக்கிறது.

மே 16, வெள்ளி

அண்ணன் பேசவில்லை. உப்பைக்கூட அம்மா வழியாகக் கேட்கிறான்.

மே 18, ஞாயிறு

அம்மாவின் வாய் நாலு நாளாக அடங்கவில்லை. பால்காரியிடம், “நல்ல பானை, போட்டு உடைச்சிட்டா” என்கிறாள். போனில் சித்தியிடம், “பிடிப்பில்லாத கையி” என்கிறாள். இன்று நேராகவே சொன்னாள்:

“ஒரு பானையப் பிடிக்கத் தெரியல. நாளைக்கு ஒரு பிள்ளைய எப்படித் தூக்குவா?”

மதினி கொப்புளத்துக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். விரல் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் பூசினாள். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

அண்ணன் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். “வேற வீடு பாக்கேன்ப்பா. பெருமாள்புரத்துல ஒண்ணு காலியா இருக்காம்.”

அப்பா மோரை ஊற்றாமல் வைத்துவிட்டார். “ஏல, ஒரு பானைக்கா தனிக்குடித்தனம்?”

“பானைக்கு இல்லப்பா” என்றான். அவன் யாரைப் பார்த்துச் சொன்னான் என்று எழுதமாட்டேன்.

மே 19, திங்கள்

பெருமாள்புரம் இங்கிருந்து சைக்கிளில் இருபது நிமிஷம். இன்று போய்ப் பார்த்தேன். மாடி வீடு. பச்சை வாசல். நன்றாகத்தான் இருக்கிறது, பாழாய்ப்போன வீடு.

மே 20, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா மறுபடி ஆரம்பித்தாள், “கைப்பிடிப்பு தாய்வீட்டுல சொல்லிக்குடுக்கணும்...” என்று. மதினியின் தாய்வீட்டைப் பற்றி. பாதி வெந்த முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. அந்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணத்தில் முக்காடு மாதிரிச் சேலையை ஒரு பக்கம் இழுத்து விட்டிருந்தார்கள். பெருமை பிடித்தவள் என்று நினைத்திருந்தேன்.

“அம்மா, அவங்க போடல. நான்தான்.”

“நீ என்னட்டி?”

இந்த இடத்தில்தான் மூளை வேலை செய்தது. விசில் அடித்தேன் என்று சொன்னால், விசிலுக்கு யாராவது பானையைப் போடுவாளா என்று அம்மா கேட்பாள். அடுத்த கேள்வி, அதற்கு அடுத்த கேள்வி, எல்லாம் மதினியின் வீட்டுக்குத்தான் போகும்.

“நான் பின்னாலேருந்து தள்ளிவிட்டேன்” என்றேன்.

மதினி வாயைத் திறந்தாள். “அத்தை, அவ தள்ளல...” நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். நல்ல காலைத்தான். 

“எதுக்குத் தள்ளுன?” என்றாள் அம்மா.

இதற்கு மட்டும் பொய் தயாராக இல்லை.

“பொறாமை.”

இந்த நோட்டில் பதினேழு நாளாக ஒப்புக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்த வார்த்தை. வாயில் வந்தபோது சின்னதாகத்தான் இருந்தது.

அம்மா கரண்டிக் காம்பால் மூன்று போட்டாள். அப்பா தடுக்கவில்லை. அண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தள்ளவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அடித்து முடித்ததும் அம்மா மதினி பக்கம் திரும்பி, “நீ ஏம்மா முதல்லயே சொல்லல? நான் பாட்டுக்கு ஆறு நாளா...” என்று தொடங்கி முடிக்காமல் உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவளுக்கு இன்னொரு முட்டை பொரித்துக்கொண்டு வந்தாள். மன்னிப்பு எங்கள் அம்மாவுக்கு முட்டை வடிவத்தில்தான் வரும்.

மே 21, புதன்

மதினி நொண்டிக்கொண்டே என் அறைக்கு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

“ஏங்கண்ணு இல்லாததச் சொல்லி அடி வாங்குன?”

“உள்ளதச் சொன்னா உங்களுக்குல்லா விழும் மதினி.”

மதினி என் தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, “என்ற அம்மா இன்னமும் அதே குக்கர்லதான் சோறாக்கறாங்க, தெரியுமா? மூடி மட்டும் புதுசு. அவங்களுக்குப் பயமே இல்ல. எனக்குத்தான்...” என்றாள்.

பிறகு இன்னொன்றும் சொன்னாள். ‘யாரோ அவசரப்பட்டுத் திறந்துவிட்டார்கள்’ என்று அண்ணன் சொன்னானே, அந்த யாரோ யார் என்று. அண்ணனுக்கே அது தெரியாதாம். அவனிடம் சொல்ல வாய் வரவில்லையாம். டி.வி.யில் ஏதோ தொடங்கப்போகும் அவசரமாம்.

அது யார் என்று இங்கே எழுதமாட்டேன். ஆறுதல் பரிசு நோட்டு, பூட்டு கிடையாது.

நான் மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை விளையாட்டு எதுவும் வரவில்லை. முதல் தடவையாக வெறும் மன்னிப்பு.

மே 22, வியாழன்

அந்தப் பீங்கான் பானை மட்டும் தனியாக எங்கும் கிடைக்காதாம். ஆமையின் ஓடு மட்டும் காலியாக அலமாரியில் இருக்கிறது. அதன் வாயை நூலால் அளந்து, ஆழத்துக்கு ஒரு விளக்குமாற்று ஈர்க்கை முறித்துக்கொண்டு மேலப்பாளையம் சந்தைக்குப் போனேன். நாற்பது சட்டியாவது அளந்திருப்பேன். “சட்டி வாங்க வந்தியா, சட்டைக்கு அளவெடுக்க வந்தியா?” என்றார் கடைக்காரம்மா. நாற்பத்தோராவது சட்டி உட்கார்ந்தது. கொஞ்சம் ஆடியது. ஆடட்டும்.

அம்மா தூக்கி, தட்டி, சத்தம் பார்த்தாள். “புதுச்சட்டிய அப்படியே ஏத்தினா வெடிக்கும். பழக்கணும்” என்று கஞ்சித்தண்ணீர் ஊற்றி ஊறவைத்தாள். மதினி எட்டிப் பார்த்தாள். “எத்தன நாளைக்குங்க அத்தை?”

“மூணு நாளு. புதுசுன்னா கொஞ்சம் பொறுமையாத்தான் பழக்கணும்மா” என்றாள் அம்மா. சட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மே 25, ஞாயிறு

இன்று சமையல் மூன்று பேர் கூட்டணி. மதினி தன் ஊர்க் கொள்ளுப் பயறை ராத்திரியே ஊறவைத்து, கொதிக்கவைத்துத் தந்தாள். அம்மா தூத்துக்குடி நெத்திலிக் கருவாட்டை அலசிப் போட்டாள். புளிக்குப் பதில் மாங்காய் என்றது என் யோசனை. கொள்ளும் கருவாடும் மாங்காயும் ஒரே சட்டியில், ஐந்து மணி நேரம். பெயர் கேட்டால் சம்பந்திக் குழம்பு.

“விசிலும் வராது, வெந்துட்டான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?” என்றாள் அம்மா.

“மணம் வருமுங்க அத்தை.”

“கருவாட்டுக்கா? அது வேகுததுக்கு முன்னாலயே வரும்.”

மதினி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு நான் அவள் காதில், கல்யாண வீட்டில் அண்ணன் வேட்டி அவிழ்ந்ததை அவன் எப்படி மறைத்தான் என்று சொன்னேன். அவள் என் காதில், அந்த வேட்டிக்குள் அவன் என்ன போட்டிருந்தான் என்று சொன்னாள். அம்மா “என்னட்டி, என்னட்டி?” என்று கேட்டு, அவளுக்கும் சொல்லி, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

அந்த நேரம் அண்ணன் உள்ளே வந்தான். நாங்கள் சட்டென்று வாயை மூடினோம்.

“வீட்டுக்காரர்கிட்டப் பேசிட்டேன். ஒண்ணாந்தேதி வந்துரலாம்னுட்டாரு” என்றான்.

மதினி சட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், “வேண்டாங்க. அந்த வீட்டுல சமையக்கட்டு சின்னது. நாங்க மூணு பேரும் நிக்க முடியாது.”

“நாங்கன்னா?”

“நாங்கதாங்க.”

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கருவேப்பிலை உருவினாள். என்னைப் பார்த்தான். பத்து நாளைக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசினான்.

“நான் வரும்போது எதுக்குட்டி சிரிச்சீங்க?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“எங்கிட்டச் சொல்ல மாட்டியா?”

மதினி என் பக்கம் பார்த்தாள். நான் அவள் பக்கம் பார்த்தேன். இரண்டு பேருக்கும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகக் கண்ணாடியில் பார்த்த முகம்.